வழி காட்டும் வரைபடமும் நிலம் காட்டும் வரைபடமும்

சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் 99 பழைய ஸ்மார்ட்போன்களைச் சின்னக் கைவண்டி ஒன்றில் போட்டு, பெர்லின் தெருக்களில் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார். வெறிச்சோடிக் கிடந்த தெருக்கள் கூகுள் மேப்ஸில் நெரிசலைக் குறிக்கும் சிவப்பாக மாறின. 2020இல் வெளியான அந்தக் காணொளியைப் பலரும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். என் கணக்கில் இணைய வரைபடங்களைப் பற்றிய கூர்மையான விமர்சனம் அது. கூகுள் சாலையைப் பார்ப்பதில்லை. சாலையில் போகும் போன்களைப் பார்க்கிறது.

அதன் பலமும் அங்கிருந்துதான் வருகிறது. எங்கே நெரிசல், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம், எந்தக் கடையில் எப்போது கூட்டம் என்பதெல்லாம் கோடிக்கணக்கான பைகளில் இருக்கும் போன்கள் சொல்லும் சேதி. இதில் கூகுளை நெருங்க இலவசப் போட்டியாளர் எவராலும் முடியவில்லை. நம் சாலைகளின் குணத்தையும் அது மெல்லக் கற்றுக்கொண்டது. 2017 இறுதியில் இருசக்கர வாகனத்துக்கான தனி வழிகாட்டல் இந்தியாவில்தான் முதலில் வந்தது. 2024இல் மேம்பாலத்தில் ஏறுவதா, கீழேயே போவதா என்று சொல்லவும் தொடங்கியது. சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒருமுறை தவறான பக்கம் திரும்பியவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வண்டியும் வணிகமும் குறைந்த இடங்களில் இதே வரைபடம் வெளிறிப்போகிறது. நெடுஞ்சாலையோர ஓட்டல் பளிச்சென்று தெரியும். கண்மாய்க்கரை ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் தெரியாது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தாலும், சிக்னல் போய்விட்டால் நடைவழி காட்டாது. நடப்பவர் அதற்கு இரண்டாம்பட்சம்தான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம் பிறந்த கதை வேறு. பிரிட்டனில் அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத் தரவைப் பயன்படுத்த மக்களே காசு கட்ட வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில் 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் இது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஏறத்தாழ வெற்றிடமாக இருந்த போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்துவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்ததும் இந்தத் தரவின் மேல்தான். இதைக்கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலி, வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்திருந்தால், சிக்னலே இல்லாத மலையிலும் நடைவழி காட்டும்.

இதைச் சொல்லிவிட்டுக் குறைகளை மறைப்பது நியாயமில்லை. நேரடி நெரிசல் விவரம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடையாது. கதவு எண்ணைக் கொடுத்து வீட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். சில ஜெர்மன் நகரங்களில் மரங்களைக்கூடக் குறித்து வைத்திருப்பார்கள். ஆர்வலர் எவரும் இல்லாத நம் கிராமமோ ஒற்றைக் கோடாக நிற்கும். நாலு வருடம் முன்பு மூடிய கடை இன்னும் திறந்தே இருக்கும். அவசரமாக ரயிலைப் பிடிக்கப் போகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்திய முகவரிகளை ஆறு எழுத்துக் குறியீடாகச் சுருக்கித் தரும் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பில்ஸ் செயலி இடைநிலையில் நிற்கிறது. உள்ளூர் அறிவு உண்டு; பயனர் கூட்டம் போதவில்லை.

எந்தச் சேவையில் எந்த வசதி இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒப்பிடுகிறவர்கள் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: நாம் கொடுத்த தகவல் யாருக்குச் சொந்தம்? கூகுள் 2008இல் தொடங்கிய மேப் மேக்கரில் இந்தியர்கள் தங்கள் ஊர்த் தெருக்களைக் கூலியின்றி வரைந்து கொடுத்தார்கள். 2017இல் அது மூடப்பட்டது. வரைந்தவை கூகுளின் வரைபடத்திலேயே தங்கிவிட்டன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போட்ட கோட்டை எவரும் பதிவிறக்கி வேறொன்று செய்யலாம்.

இந்த வேறுபாடு கொள்கைவாதிகளின் கவலை மட்டுமல்ல, பணவிஷயமும்கூட. 2024 ஜூலையில் வாடகைக் கார் நிறுவனமான ஓலா, கூகுளைக் கைவிட்டுத் தன் சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதற்குப் பயன்படுத்திய தரவுகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் ஒன்று. ஆகஸ்ட் 1 முதல் இந்திய நிரலாளர்களுக்கான வரைபடச் சேவைக் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகக் கூகுள் அதே ஜூலையில் அறிவித்தது.