எரிந்த கட்சி, எரியாத கட்சி, ரதி

காமன் பண்டிகை என்று பேச்செடுத்தாலே நம் ஆய்வாளர்களுக்கு முதலில் பட்டா வேண்டும். பாலைக்கலியில் காமன் விழா வருகிறது, சிலப்பதிகாரத்தில் காமவேள் கோட்டம் இருக்கிறது, ஆகவே இது நம்முடையது என்பார் ஒருவர். பௌர்ணமியில் தீ மூட்டுவது ஹோலியின் சாயல், தஞ்சை மராட்டியரோடு வந்தது என்பார் இன்னொருவர். இருவரும் பிறப்புச் சான்றிதழோடு எழுந்து போய்விடுகிறார்கள். விழா அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

அர்த்தம் சொல்பவர்களும் குறைவில்லை. திருக்குறுக்கை வீரட்டத்தைக் காட்டி, ஞானம் ஆசையை எரித்தது என்பது பிரசங்கம். செத்துப் பிழைக்கும் தாவரக் கடவுள் என்பது பிரேசர் 1890இல் தொடங்கி வைத்த பாட்டு. இப்போது பக்தினைப் படித்தவர்களுக்கு எல்லாமே கார்னிவல். இவை ஒவ்வொன்றும் விழாவை ஒற்றைப் பிரதியாக வாசிக்கின்றன. ஆனால் தன் அர்த்தத்தைத் தானே வழக்காடு மன்றத்தில் நிறுத்திய விழா அல்லவா இது?

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் கட்டிக் காமன் நடப்படுகிறான். பௌர்ணமி வரை தஞ்சை வட்டாரத்தில் இரவுகள் லாவணிக்கு உரியவை. டேப்பும் துந்தினாவும் கையில் எடுத்து இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மறு கட்சி. மராட்டிய லாவணியில் கல்கி, துரா என்று இரு கட்சிகள் சக்தி பெரிதா சிவன் பெரிதா என்று மோதிக்கொள்வதுண்டு. அந்த வடிவம் காவிரிக் கரைக்கு வந்ததும் கேள்வியை மாற்றிக்கொண்டது. யார் பெரியவன் என்பது போய், நடந்ததா இல்லையா என்றாகிவிட்டது. இது சாதாரண மாற்றம் அல்ல. எரிந்த கட்சிக்குப் புராணம் முழுசும் சாட்சி. எரியாத கட்சிக்குக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் உடம்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆனாலும் அது தோற்றுப்போவதில்லை.

இதைக் கண்டு ஜனநாயகம், பன்முகத்தன்மை என்று கொண்டாடிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. வழக்கு முழுக்கத் தீயைப் பற்றியது. அனுப்பியவனைப் பற்றி விசாரணையே இல்லை. கச்சியப்பரின் கந்தபுராணத்தைப் பாருங்கள்: மன்மதன் போகமாட்டேன் என்கிறான். சபித்துவிடுவேன் என்று பிரமன் மிரட்டிய பிறகே கிளம்புகிறான். சிவனின் தவம் கலைய வேண்டும், முருகன் பிறக்க வேண்டும், சூரன் சாக வேண்டும், தேவர்களுக்குப் பதவி திரும்ப வேண்டும். வேலை அவர்களுடையது, சாம்பல் இவனுடையது. ஆசையின் கதையாக நாம் வாசித்துவரும் இது, அடிப்படையில் ஏவப்பட்டவனின் கதை.

இதைக் கூத்தில் உணர்ந்து பேசுகிற ஒரே ஆள் ரதி. போகாதே என்று மறிப்பவளும் அவள், பின்னால் ஒப்பாரி வைப்பவளும் அவள். லாவணியில் அவளுக்குக் கட்சி கிடையாது. வழக்கமாக அந்த வேஷத்தைக் கட்டுவதும் ஓர் ஆண்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு ஊர் நினைவு மட்டும்தான் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணியின் வார்த்தையை நம்பிக் கடல் தாண்டிய சனங்கள் அவர்கள். 'போகாதே' என்று ஒருத்தி வழிமறிப்பது அவர்கள் காதில் புராணமாகவா விழுந்திருக்கும்?

எரித்த பிறகு காமனை எழுப்பும் சடங்கும் உண்டு. எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பது வரம். அப்போ எரியாத கட்சி ஜெயிச்சிடுச்சான்னு கேட்டா, எரிந்த கட்சிக்காரன் டேப்பைத் தூக்கிக்கிட்டு எழுந்திருப்பான்: எங்கே, காட்டு பாக்கலாம்?