சான்றும் ஆவணமும்: கொடுங்கனவுலகப் புனைவில் ஆய்வாளரின் இடம்

முன்னுரை

டிஸ்டோபியா எனப்படும் கொடுங்கனவுலகப் புனைவுகளை வருங்காலம் பற்றிய முன்னறிவிப்புகளாகக் கொண்டு, அவற்றுள் பலித்தவை எவை, பலிக்காதவை எவை என்று கணக்கிடும் போக்கு பரவலாக உள்ளது. அவற்றை எழுதப்பட்ட காலத்தின் சமூகத்தையும் அரசியலையும் நோக்கிய விமரிசனங்களாகக் காண்பதே பொருத்தமானது. எனினும், அவ்விமரிசனம் கொடுங்கோலரை மட்டுமே குறிவைக்கின்றது எனக் கொள்வதும் முழுமையாகாது. பாதிக்கப்பட்டோரின் சொற்களைப் பிற்காலத்தில் கையிலெடுக்கும் ஆய்வாளரையும் அது வினவுகின்றது. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலின் இறுதிப் பகுதியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகின்றது.

பதிவும் அதன் பின்வாழ்வும்

இவ்வகை நாவல்கள் பலவற்றில் தனியொருவரின் பதிவே கதையின் அச்சாக அமைகின்றது. யெவ்கெனி ஸமியாட்டினின் 'நாம்' 40 குறிப்புகளால் ஆனது. பிற கோள்களில் வாழ்வோருக்குத் தன் அரசின் பெருமையை உணர்த்த விண்கலப் பொறியாளன் ஒருவன் தொடங்கும் குறிப்புகள், அவனை அறியாமலே அவனுடைய ஐயங்களின் பதிவாகிவிடுகின்றன. 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நாவல், சோவியத் ஒன்றியத்தில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (1949) நாவலில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோதே தன் அழிவு உறுதியாகிவிட்டதை வின்ஸ்டன் ஸ்மித் உணர்கின்றான். ஆனால், நாவல் அவனுடைய தோல்வியோடு முடிவதில்லை. 'நியூஸ்பீக்' என்னும் அரச மொழியைப் பற்றிய பின்னிணைப்பு ஒன்று தொடர்கின்றது. அது வழக்கமான ஆங்கிலத்தில், இறந்தகாலத்தில் எழுதப்பட்டுள்ளது. அவ்வாட்சி வீழ்ந்துவிட்டது என்பதன் அடையாளமாக அட்வுட் இதனை விளக்கியுள்ளார். அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று இப்பின்னிணைப்பை நீக்கக் கோரியபோது ஆர்வெல் இசையவில்லை. ஆர்வெல் குறிப்பாக விட்டதை அட்வுட் தம் நாவலில் முழுக் காட்சியாக விரிக்கின்றார்.

2195ஆம் ஆண்டின் கருத்தரங்கு

அட்வுட் இந்நாவலை 1984இல் மேற்கு பெர்லினில் எழுதத் தொடங்கினார். மனித வரலாற்றில் எங்கேனும் முன்பே நிகழ்ந்திராத எதனையும் சேர்ப்பதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. கருக்கலைப்பைத் தடுக்க ருமேனியாவில் 1966இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை போன்ற நிகழ்வுகள் அவர் படைத்த கிலியட் அரசின் பின்னணியில் உள்ளன. அவ்வரசில் பெண்களுக்கு வாசிப்பு மறுக்கப்படுகின்றது. கதைசொல்லியின் பெயர்கூடப் பறிக்கப்பட்டு, 'ஃபிரெட்டினுடையவள்' எனப் பொருள்படும் 'ஆஃப்ஃபிரெட்' என்பது சூட்டப்படுகின்றது.

அவளுடைய குரல் முடிந்ததும், 2195இல் நடைபெறும் கிலியட் ஆய்வுக் கருத்தரங்கின் நடவடிக்கைக் குறிப்பு இடம்பெறுகின்றது. நாம் இதுவரை படித்தது ஏறத்தாழ 30 ஒலிநாடாக்களில் கிடைத்த பேச்சின் எழுத்து வடிவம் என்றும், நாடாக்களின் வரிசை ஊகத்தால் அமைக்கப்பட்டது என்றும் பேராசிரியர் பியெக்சோட்டோ விளக்குகின்றார். நூலின் தலைப்பும் ஆய்வாளர் இட்டதே. அத்தலைப்பை வைத்து அவர் நகைச்சுவை செய்ய, அவையோர் சிரிக்கின்றனர். கிலியட்டைக் கண்டிப்பதைவிடப் புரிந்துகொள்வதே நம் பணி என்று அவர் கூறும்போது கைதட்டல் எழுகின்றது.

அவருடைய ஆய்வு முறையைப் பிழையெனத் தள்ளிவிட இயலாது. மூலத்தின் நம்பகத்தன்மையைச் சோதிப்பதும், முடிவுகூறுமுன் தயங்குவதும் ஆய்வறத்தின் கூறுகளே. சிக்கல் அவருடைய ஆர்வம் செல்லும் திசையில் உள்ளது. அவளை உடைமையாகக் கொண்டிருந்த தளபதி யார் என நிறுவவே அவர் பெரிதும் முனைகின்றார். அத்தளபதியின் கணினியிலிருந்து சில பக்கங்களேனும் கிடைத்திருக்கலாகாதா என ஏங்குகின்றார். அவளுடைய இயற்பெயர் இறுதிவரை தெரியவருவதில்லை. ஒருவனின் உடைமையாக அவளைக் குறித்த கிலியட்டின் பார்வை, அவனைப் பற்றிய தரவாக அவளைக் கருதும் ஆய்வுரையில் மென்மையான வடிவில் தொடர்கின்றது. வினாக்கள் உண்டா என்று அவையை நோக்கிக் கேட்பதோடு நாவல் முடிகின்றது. அவ்வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு வாசகரிடம் வந்துசேர்கின்றது.

முடிவுரை

கொடுங்கனவுலகப் புனைவின் அரசியல் விமரிசனம், ஆட்சி வீழ்ந்தபின் அதன் சான்றுகள் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதையும் உள்ளடக்கியதாகும். இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்தோரின் வாய்மொழிகளைப் பல நாடுகளில் பதிவுசெய்தும் வகைப்படுத்தியும் வரும் தமிழியல் ஆய்வுக்கு இது நேரடியாகப் பொருந்தும். காலம், இடம், உண்மைத்தன்மை ஆகியவற்றைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. அதே வேளையில், ஒரு சான்றுரையை எவரைப் பற்றி அறிவதற்காகக் கேட்கின்றோம் என்பதும் ஆய்வு முறையியலின் வினாவாக வேண்டும். பேசியவர் தம் வாழ்வைப் பற்றிச் சொல்ல விரும்பியது யாது என்பதை முதலிற் கேட்டு, ஏனைய தரவுகளை அதன் பின்னர்த் தேடும் வாசிப்பே பியெக்சோட்டோவின் அவையிலிருந்து நம் அவையை வேறுபடுத்தும்.