3 நிமிஷ ஆவி

புதிய தொழில்நுட்பம் வந்தால் பழையது செத்துப்போகும் என்கிறோம். பாதிதான் நிஜம். சாதனம் போய்விடும், அதன் குறைபாடு ஆவியாக நம்மிடம் தங்கிவிடும். உதாரணம், இன்று காலை நீங்கள் கேட்ட சினிமாப் பாட்டு.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கோஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். இசைத்தட்டில் சுமார் 3 நிமிஷம்தான் இடம். சாவகாசமாக விரிகிற ஹிந்துஸ்தானி ராகத்தை அதற்குள் மடித்து வைக்க வேண்டும். வைத்தார். போதாக்குறைக்குக் கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கே தெரிய வேண்டுமே!

நம் கர்நாடக வித்வான்களும் இந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக்காலத் தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். ராகத்தின் முகம் சில விநாடிகளில் தெரிந்துவிடும். வளவளப்பே கிடையாது. சினிமாப் பாட்டும் இதே அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்தது.

1948-ல் எல்.பி. வந்தது, பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல். 1963-ல் கேசட், 1982-ல் சி.டி., பிறகு எம்.பி.3. இடப் பஞ்சம் தீர்ந்தது. பாட்டு நீண்டதா? ரொம்ப இல்லை. இன்றும் 5 நிமிஷம் தாண்டினால் நெளிகிறோம். இயந்திரத்தின் வரம்பு நம் ரசனையாகிவிட்டது.

இப்போது புதுசாக ஒரு கெடு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும். முதலில் வெட்டுப்படுவது, மெதுவாகக் கதவைத் திறக்கும் அந்த ஆரம்ப இசைதான். கோஹர் ஜானுக்குக் கெடு வைத்தது மெழுகுத் தட்டு. அதோடு சண்டை போட முடியாது, சமாளிக்கலாம். அவர் சமாளித்ததில் கலை இருந்தது. இது கணக்குப்பிள்ளை வைத்த கெடு. கேட்பவன் ஓடிவிடுவானோ என்ற பயத்தில் போடும் இசையில் சத்தம்தான் மிஞ்சும்.

ஒரு சின்ன டெஸ்ட். இன்றிரவு யாராவது பெரிய வித்வானின் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டுவிட்டு உட்காருங்கள். எப்போது கை செல்போனுக்குப் போகிறது என்று பாருங்கள். 3-வது நிமிஷம் என்றால், அந்தப் பழைய தட்டு உங்களுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை.

30-வது விநாடி என்றால்தான் கவலை.