பூட்டிய ஃபைலைக் கெட்டுப்போனது என்று சொல்லும் எக்செல்

"தம்பி, நான் ஃபைலைக் கெடுக்கல. பாஸ்வேர்டு மட்டும்தான் போட்டேன்."

நண்பர் ஒருவர் நடத்தும் சின்ன மருத்துவமனையில் கணக்கு பார்க்கும் அக்கா சொன்னது இது. அங்கே மருந்து இருப்பு அறிக்கை ஒன்றை எக்செல்லில் செய்து கொடுத்தவன் நான்தான். அக்கா தன் கணினியில் கொள்முதல், வழங்கல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் பதிவார். மருந்தகத்துக் கணினியில் இருக்கும் என் அறிக்கை, திறக்கும்போதெல்லாம் பவர் குவெரி வழியாக அந்த ஃபைலைப் படித்து மிச்சம் எவ்வளவு என்று காட்டும். இரண்டு வருஷமாக ஒழுங்காக ஓடியது.

ஒருநாள் மருந்தகத் தம்பியின் திரையில் ஒரு பிழைச்செய்தி வந்தது. ஃபைலில் சிதைந்த தரவு இருக்கிறது என்று பொருள் தரும் ஒற்றை வரி. அவர் ஓகே அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார். அட்டவணையில் எண்கள் இருந்தன அல்லவா? தினமும் செய்தி வந்தது, தினமும் ஓகே. ஒன்பதாம் நாள் குளிர்பெட்டியைத் திறந்தால் இன்சுலின் குப்பி மூன்றுதான் மிச்சம். அறிக்கையில் 38. எதிர்க்கடையில் வாங்கி அன்றைக்குச் சமாளித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஃபைல் 'கரப்ட்' ஆகிவிட்டது என்று திரை சொல்கிறது, அந்த ஃபைலில் கை வைப்பது அக்கா ஒருவர்தான். பழி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அக்காவின் கணினியில் அந்த ஃபைல் சமர்த்தாகத் திறந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்டது, அவ்வளவுதான். கொள்முதல் விலை விவரம் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கக் கூடாது என்று தணிக்கையாளர் சொல்லியிருக்கிறார். இவர் பொறுப்பாகப் பூட்டியிருக்கிறார்.

இது ஒரு மருத்துவமனைக் கதை மட்டும் இல்லை. எக்செல்லின் பாதுகாப்பு வசதிகள் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றிய ஒரு விமர்சனத்துக்கு இது நல்ல தொடக்கம்.

முதலில் அந்தப் பிழைச்செய்தி. இப்போது நாம் பயன்படுத்தும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே எக்ஸ்எம்எல் துண்டுகள் இருக்கும். நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்து 'பி', 'கே' என்றிருக்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் முதலெழுத்துகள் அவை. திறப்பதற்கு பாஸ்வேர்டு போட்டவுடன் எக்செல் அந்த முழுப் பொட்டலத்தையும் குறியாக்கம் செய்து, வேறொரு வகைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. பழைய எக்ஸ்எல்எஸ் காலத்துக் கூட்டுக்கோப்பு வடிவம் அது. பெயரின் வால் மட்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றே நிற்கும். பவர் குவெரி 'பி', 'கே'யை எதிர்பார்த்துப் போகிறது, அது இல்லை, உடனே 'சிதைந்த தரவு' என்று கையை விரிக்கிறது.

இங்கே நிரலாளராக எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. எதிர்பார்த்த வடிவம் இல்லை என்றால் கெட்டுவிட்டது என்று சொல்வது சோம்பேறி வழிதான், ஆனால் நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். அனுதாபம் அதோடு சரி. அந்தக் கூட்டுக்கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் ஒன்றே. அதற்குள் குறியாக்கிய பொட்டலம் என்றே பெயரிட்ட ஒரு பகுதியும் இருக்கும். எட்டு பைட், ஒரு பெயர், இவ்வளவைப் பார்த்தால் "இந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது, என்னால் திறக்க முடியாது" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதால் பாதுகாப்பு ஒன்றும் குறையாது. ஃபைலை இரட்டைச் சொடுக்குச் செய்கிற யாருக்கும் பாஸ்வேர்டு பெட்டி வரத்தானே போகிறது? 'பூட்டியிருக்கிறது' என்றால் சாவி யாரிடம் என்று கேட்போம். 'கெட்டுவிட்டது' என்றால் யார் கெடுத்தது என்று கேட்போம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு மனுஷியின் நல்ல பெயர் மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். பவர் குவெரிக்கு ஃபைல் பாஸ்வேர்டைக் கொடுக்க இடமே கிடையாது. சர்வர் என்றால் பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும். பூட்டிய எக்செல் ஃபைலுக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை. அதாவது, மனிதர் திறக்க ஒரு பூட்டு செய்தார்கள். இரவில் தானாக ஓடும் வேலைக்குச் சாவி செய்யவில்லை.

இரண்டாவது குறை, 'ப்ரொடெக்ட்' என்ற சொல். ஃபைல் மெனுவில் 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' என்று ஒரே ஒரு பொத்தான். அதைத் திறந்தால் பாஸ்வேர்டு போட்டுக் குறியாக்கம் செய்வது, ஷீட்டைப் பாதுகாப்பது, வொர்க்புக் அமைப்பைப் பாதுகாப்பது, 'இறுதி வடிவம்' என்று குறிப்பது என எல்லாம் வரிசையாக நிற்கின்றன, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

குறியாக்கம் இரும்புப் பெட்டி. ஷீட் பாதுகாப்பு, வாசலில் குறுக்கே கட்டிய நூல். ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே எதுவும் குறியாக்கம் ஆவதில்லை. எக்ஸ்எம்எல்லில் 'இது பாதுகாக்கப்பட்டது' என்று ஒரு வரி சேரும், அவ்வளவே. ஜிப்பைப் பிரித்து அந்த வரியை நீக்கினால் பூட்டு போயே போச்சு. எக்செல் 2010 வரை அந்தப் பாஸ்வேர்டை 16 பிட் எண்ணாகச் சுருக்கித்தான் வைத்தார்கள். அதிகபட்சம் 65,536 சாத்தியங்கள். 2013-லிருந்து எஸ்எச்ஏ-512 முறையில் 1,00,000 சுற்று அரைத்து வைக்கிறார்கள். சுவரே இல்லாத இடத்தில் கதவுக்கு மட்டும் உயர்ரகப் பூட்டு. ஷீட் பாதுகாப்பு ஒரு பாதுகாப்பு அம்சம் அல்ல, தவறுதலாக மாற்றுவதைத் தடுக்கத்தான் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கங்களில் சொல்கிறது. அப்படியென்றால் பெயரை மாற்றியிருக்கலாமே?

இதன் விளைவு ரிஃப்ரெஷ்ஷில் தலைகீழாக வெளிப்படும். ஷீட் பாதுகாப்பு போட்ட ஃபைலை இன்னொரு ஃபைலிலிருந்து பவர் குவெரி தாராளமாகப் படிக்கும். வெளியாள் படிப்பதைத் தடுக்காத அதே பாதுகாப்பு, அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கும் பிவட் டேபிளை ரிஃப்ரெஷ் செய்ய விடாது. திருடனுக்கு வழி, வீட்டுக்காரருக்குத் தடை.

ஷீட்டைப் பாதுகாக்கும்போது வரும் பெட்டியை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்று 15 கட்டங்கள். வரிசை சேர்க்க, நெடுவரிசை நீக்க, வடிகட்ட, பிவட் டேபிளைப் பயன்படுத்த என்று எல்லாம் உண்டு. 'ரிஃப்ரெஷ் செய்ய' என்று ஒன்று இல்லை. பிவட் கட்டத்தை டிக் செய்தாலும் ரிஃப்ரெஷ் நடக்காது. புலங்களை இழுத்துப் போட்டு விளையாடலாம், ஆனால் பழைய தரவோடுதான்.

இதிலும் ஒரு கொடுமை உண்டு. ஒரே மூலத் தரவிலிருந்து செய்த இரண்டு பிவட்கள் பெரும்பாலும் ஒரே தற்காலிகச் சேமிப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று திறந்த ஷீட்டில், மற்றொன்று பாதுகாத்த ஷீட்டில் இருந்தால், திறந்த ஷீட்டில் இருப்பதும் ரிஃப்ரெஷ் ஆகாது. அதே தரவில் இன்னொரு பிவட் பாதுகாத்த ஷீட்டில் இருப்பதாகச் செய்தி வரும். இந்தச் செய்தி உண்மைதான், அதற்காக ஒரு நன்றி. எந்த ஷீட் என்று மட்டும் சொல்லாது. 30 ஷீட் உள்ள ஃபைலில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியது நம்ம பாடு.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க முடியாது. ரிஃப்ரெஷ் என்பதும் மாற்றம்தான். பிவட் நீளமாகி, கீழே இருக்கும் கட்டங்களின் மேல் ஏறிவிடலாம். மாற்றாதே என்று பூட்டிய ஷீட்டில் அதை அனுமதிப்பது எப்படி நியாயம்? சரி. ஆனால் வரிசையை நீக்க அனுமதி கொடுக்கும் பெட்டியில் தரவைப் புதுப்பிக்க அனுமதி இல்லை என்பதற்கு இந்த வாதம் பதிலாகாது. உரிமையாளர் முடிவு செய்யட்டும் என்று ஒரு கட்டம் கூடுதலாக வைத்திருந்தால் போதும்.

அது இல்லாததால் எல்லாரும் மேக்ரோவுக்குப் போகிறோம். பாதுகாப்பை எடு, ரிஃப்ரெஷ் செய், திரும்பப் பாதுகாப்பு போடு. மூன்று வரி. இதுவும் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. காரணம், குவெரி பின்னணியில் ஓடும்படி அமைந்திருந்தால் மேக்ரோ அது முடியும்வரை காத்திருக்காது. தரவு வந்து சேர்வதற்குள் மூன்றாவது வரி ஷீட்டைப் பூட்டிவிடும். பின்னணி ரிஃப்ரெஷ்ஷை அணைத்தால்தான் சரிவரும். பாஸ்வேர்டு வேறு மேக்ரோவுக்குள் எழுத்தாகவே கிடக்கும். போதாததற்கு, 2022-லிருந்து இணையம் அல்லது மின்னஞ்சல் வழியாக வந்த ஃபைல்களில் மேக்ரோவே இயல்பாகத் தடுக்கப்படுகிறது. பாதுகாப்பைத் தாண்ட எழுதியதை இன்னொரு பாதுகாப்பு நிறுத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ரிஃப்ரெஷ் நின்றால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் மூல ஃபைலை நோட்பேடில் திறந்து 'பி', 'கே' இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் அது இல்லாமல், எக்செல்லில் மட்டும் ஒழுங்காகத் திறந்தால் அது குறியாக்கம். பாஸ்வேர்டு கேட்காமலே திறந்தாலும் ஏமாற வேண்டாம். அலுவலகத்தின் ரகசிய லேபிள் குறியாக்கம் செய்திருக்கலாம், உங்கள் கணக்கில் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்குத் திறக்கும். 'பி', 'கே' இருந்தால் அறிக்கை ஃபைலில் ரிவியூ பட்டைக்குப் போங்கள். 'அன்ப்ரொடெக்ட் ஷீட்' என்று எழுதியிருந்தால் அந்த ஷீட் பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஷீட்டாகப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்ப்ளாக்' கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த ஃபைல் பாதுகாப்புப் பார்வையில் திறந்தால் தரவு இணைப்பு ஓடாது.

மருத்துவமனையில் செய்தது எளிய மாற்றம்தான். விலை விவரத்தைத் தனி ஃபைலாக்கி அக்காவின் பாஸ்வேர்டிலேயே விட்டோம். எண்ணிக்கை மட்டும் உள்ள ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இல்லை. அது இருக்கும் ஃபோல்டருக்கு யார் வரலாம் என்பதை விண்டோஸில் கட்டுப்படுத்தினோம்.

எக்செல்லை இவ்வளவு திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. ரிஃப்ரெஷ் தோற்றால் பழைய எண்ணே அட்டவணையில் நிற்கும். எக்செல் அப்படித்தான், எனக்கும் தெரியும். தெரிந்தும், அந்த 38 எந்தத் தேதியின் 38 என்று காட்ட நான் ஒரு கட்டம் வைக்கவில்லை. மருந்தகத் தம்பி ஒன்பது நாள் ஓகே அமுக்கியது அலட்சியம் இல்லை. திரையில் எண் இருந்தது, அது பழையது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. எக்செல் பூட்டைக் கேடு என்றது. என் அறிக்கை பழசைப் புதுசு என்றது. இரண்டில் எது பெரிய பொய் என்று கேட்டால், குளிர்பெட்டி முன்னால் நின்றவருக்கு இரண்டாவதுதான்.

இப்போது அறிக்கையின் தலையில் கடைசிப் பதிவின் தேதி பெரிதாக இருக்கிறது. ஒரு நாள் தாண்டினால் சிவப்பாகும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லிருச்சு" என்றார். இல்லை அக்கா, அந்தக் கம்ப்யூட்டரில் பாதி நான் எழுதியது.