போர்த் திரைப்படத்தில் முன்னெழுதப்படாத நடிப்பு

பிரான்சிஸ் போர்ட் கொப்போலா நெறிப்படுத்திய 'அப்போகலிப்ஸ் நௌ' (1979) வியட்நாம் யுத்தத்தைப் பொருளாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில், சைகோன் விடுதியறையில் தனித்திருக்கும் கப்டன் வில்லார்ட் கண்ணாடியில் தெரியும் தன் உருவையே தாக்குகிறான். 1976இல் பிலிப்பைன்சில் இக்காட்சி படமாக்கப்பட்டபோது நடிகர் மார்ட்டின் ஷீன் உண்மையிலேயே மதுமயக்கத்தில் இருந்தார். கண்ணாடி உடைந்து கையிற் குருதி பெருகியது, படப்பிடிப்பு நிற்கவில்லை.

குருதி மெய்யானது என்பதனால் மட்டும் காட்சி சிறப்புறுவதாக நாம் கொள்வதற்கில்லை. பார்வையாளன் அதனை அறியான். பிறனொருவனைக் கொல்லப் புறப்படவுள்ளவன் முதலில் தன்னையே தாக்குகிறான் என்ற பொருள் அங்குப் பிறப்பதே சிறப்பு. தற்செயலுக்கு அப்பொருளை வழங்கியது, அதனைப் படத்தின் வாயிலில் வைத்த நெறியாளரின் தெரிவாகும்.

ஆயினும், அமெரிக்க நடிகருக்குக் கிட்டிய இச்சுதந்திரம் படத்தில் வரும் வியட்நாமியருக்குக் கிட்டவில்லை. அவர்கள் ஓடுகின்றனர், வீழ்கின்றனர், பேசுவது அரிது. எனவே, இங்கு நாம் காண்பது போரிடச் சென்றவனின் வேதனையே. தம் மண்ணிற் போரைச் சுமந்தவரின் வேதனையன்று. ஒப்பனையற்ற நடிப்பைப் போற்றும் திறனாய்வு, அவ்வாய்ப்பு யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும்.