காதை நம்பிப் பிழை திருத்தலாமா?

ஒலிக் கோப்பைப் படித்துத் திருத்தும் நிரலை முதன்முதலாக எழுதுபவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பரவலாகக் காணலாம். நிரலை ஓட்டுவார்கள், வந்த கோப்பை பிளேயரில் போட்டுக் கேட்பார்கள், ஒலி கோணலாக இருந்தால் ஏதோ ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். காதுக்குச் சரியாகப் பட்டதும் வேலை முடிந்தது. இந்த முறையை மட்டம் தட்டுவது எளிது. ஆனால் அதில் உண்மையான பலமும் இருக்கிறது, ஆபத்தான ஓட்டையும் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தில், நினைவகம் பற்றிய நான்காம் வாரத்தில், 'வால்யூம்' என்றொரு பயிற்சி உண்டு. ஒரு வேவ் கோப்பின் முதல் 44 பைட்டுகளை, அதாவது ஹெட்டரை, அப்படியே நகலெடுக்க வேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு சாம்பிளையும், அதாவது ஒரு கணத்தில் ஒலி அலையின் உயரத்தைச் சொல்லும் எண்ணை, 16 பிட் எண்ணாகப் படித்து, கொடுத்த காரணியால் பெருக்கி, புதுக் கோப்பில் எழுத வேண்டும். சி மொழியில் சில வரிகளில் முடிந்துவிடும். விளைவை உடனே காதால் கேட்கலாம் என்பதுதான் இதன் அழகு. பைட், சுட்டி, நினைவகம் என்று கண்ணுக்குத் தெரியாதவற்றோடு மல்லுக்கட்டும் மாணவருக்கு, 'நான் எழுதியது வேலை செய்கிறது' என்ற நம்பிக்கையை இவ்வளவு விரைவாகத் தரும் பயிற்சிகள் குறைவு.

சில பிழைகளைக் கண்டுபிடிப்பதில் காதை மிஞ்ச ஆளில்லை. 16 பிட் சாம்பிள் −32,768 முதல் 32,767 வரைதான் தாங்கும். 20,000 என்ற சாம்பிளை இரண்டால் பெருக்கினால் 40,000. அது எல்லைக்குள் அடங்காது. சி மொழியின் விதிப்படி, எல்லை மீறிய பின்ன எண்ணை 16 பிட்டில் திணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் அது −25,536 ஆகிவிடும். அலையின் உச்சி ஒரே தாவலில் பாதாளத்துக்குப் போகிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது. பைதானில் 'நம்பை' என்ற எண் கணக்குத் தொகுதியின் அணியை 16 பிட்டில் வைத்துப் பெருக்கினாலும் இதே கதைதான்; எச்சரிக்கை எதுவும் வராது. நிரல் வாய் திறக்காத இடத்தில் காது ஒரு நொடியில் பிழையைச் சொல்லிவிடுகிறது.

ஒலியை வெட்டி ஒட்டும்போதும் காதின் கை ஓங்குகிறது. அலை உயரத்தில் இருக்கும் இடத்தில் வெட்டி, அடுத்த துண்டைத் தாழ்ந்த இடத்தில் ஒட்டினால் இணைப்பில் 'டக்' என்று ஓர் ஓசை வரும். ஹெட்டர் சரி, அளவு சரி, எல்லா சாம்பிளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. எண்களைச் சரிபார்க்கும் சாதாரண சோதனை இதைப் பிழை என்றே சொல்லாது. வெட்டும் இடத்தில் சில மில்லி விநாடிகளுக்கு ஒலியைத் தணித்து ஏற்ற வேண்டும் என்ற பாடத்தைக் காதுதான் கற்றுத்தருகிறது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கும்போது. ஒலி இழுவையாக, தடித்த குரலில், இரட்டிப்பு நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 44,100 என்று இருக்க வேண்டிய சாம்பிள் வேகம் ஹெட்டரில் 22,050 ஆக எழுதப்பட்டிருக்கலாம். அல்லது இடம், வலம், இடம், வலம் என்று மாறிமாறி அடுக்கிய ஸ்டீரியோ சாம்பிள்களை மோனோ என்று அறிவித்திருக்கலாம். கேட்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. காதை மட்டும் நம்புபவர் சாம்பிள் வேகத்தை இரட்டித்துவிட்டு, ஒலி சரியானதும் நிம்மதி அடைவார். உண்மையான பிழை உள்ளே அப்படியே இருக்கும். சேனல் எண்ணிக்கையை ஒரு வரியில் அச்சிட்டுப் பார்த்திருந்தால் குழப்பமே வந்திராது.

அடுத்த ஓட்டை, பிளேயரின் தாராள மனம். வாட்ஸ்அப் குரல் பதிவின் பெயரை மாற்றி வேவ் என்று முடிய வைத்தாலும் பல பிளேயர்கள் உள்ளடக்கத்தை முகர்ந்து பார்த்துப் பாடிவிடும். ஆனால் அதற்குள் இருப்பது ஓப்பஸ் முறையில் சுருக்கிய தரவு. பைதானின் வேவ் தொகுதி, கோப்பு 'ரிஃப்' அடையாளத்தில் தொடங்கவில்லை என்று மறுத்துவிடும். 'பாடுகிறதே, பிறகென்ன?' என்று மாணவர் குழம்புவது இங்கேதான். பாடுவதால் அது வேவ் கோப்பு ஆகிவிடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி அந்த 44 என்ற எண். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் கொண்டுவந்த வேவ் வடிவம் துண்டு துண்டாக அடுக்கும் அமைப்பு. ஒலித் தரவு 44ஆம் பைட்டில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒலிக் கோப்புகளை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் வழக்கமாக எழுதும் வேவ் கோப்பில், எழுதிய மென்பொருளின் பெயரைச் சொல்லும் 'லிஸ்ட்' துண்டு இடையில் நுழைவதால், சாதாரணமாக ஒலி 78 பைட்டுகளுக்குப் பிறகே தொடங்கும். அந்தக் கோப்பை 44ஐ நம்பும் நிரலிடம் கொடுத்து, ஒலியைப் பாதியாக்கச் சொன்னால் நடப்பதைப் பாருங்கள். ஒலி இங்கே தொடங்குகிறது என்று அறிவிக்கும் 'டேட்டா' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளின் பைட்டுகள் 100, 97. நிரலுக்கு அவை 24,932 என்ற சாம்பிள். பாதியாக்கினால் 12,466, பைட்டுகள் 178, 48 ஆகிவிடுகின்றன. 'டேட்டா' என்ற சொல்லே கோப்பில் இல்லை. பிளேயர் திறக்க மறுக்கிறது, காதுக்குக் கேட்க ஒன்றுமே கிடைக்கவில்லை. மாணவரோ ஒரு பாவமும் அறியாத பெருக்கல் வரியைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் எண்களை மட்டும் நம்பலாமா? அதற்கும் எல்லை உண்டு. வந்த கோப்பை எதிர்பார்த்த கோப்போடு பைட்டுக்கு பைட் ஒப்பிடும் சோதனை கறாரானது. பின்னத்தை ஒருவர் வெட்டிவிட, இன்னொருவர் முழுமையாக்கினால், சாம்பிளில் ஒன்று கூடும் குறையும். எந்தக் காதும் அதை உணராது, சோதனை மட்டும் 'தவறு' என்று சொல்லும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஹெட்டரை அச்சிட்டுப் பார்க்க வேண்டும்: சேனல் எத்தனை, வேகம் என்ன, எத்தனை பிட், தரவு எங்கே தொடங்குகிறது. அடுத்து, காரணியை 1 என்று கொடுத்து ஓட்டி, இரண்டு கோப்புகளும் பைட் மாறாமல் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒப்பீட்டின் கறார்த்தனம் பயன்படும் இடம் இதுவே. விண்டோஸில் 'பைனரி' என்று சொல்லாமல் கோப்பைத் திறந்திருந்தால் இங்கேயே பிடிபடும். படிக்கும்போது மதிப்பு 26 உள்ள பைட் கோப்பின் முடிவாகக் கருதப்படும். எழுதும்போது ஒவ்வொரு 10க்கும் முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும். லினக்ஸில் ஓட்டினால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. இவ்வளவும் தேறிய பிறகு கேட்க உட்கார்ந்தால், கரகரப்பையும் 'டக்' ஓசையையும் காது கச்சிதமாகப் பிடித்துக்கொடுக்கும்.

இதில் கற்பிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பயிற்சிக்கு ஒரே ஒரு நல்ல கோப்பைக் கொடுத்தால், அந்த ஒன்றில் ஒலிப்பதே சரி என்று மாணவர் எடுத்துக்கொள்வார். அதோடு உச்சம் 30,000ஐத் தொடும் உரத்த பதிவு ஒன்று, ஸ்டீரியோ ஒன்று, 78 பைட் கடந்து தொடங்கும் கோப்பு ஒன்று என மூன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் வகுப்போ தேவையில்லை.