எல்லாச் சாலைக்கும் ஒரு சைக்கிள்: 54-ஆ, 56-ஆ?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து சர்லி நிறுவனம் கிராஸ்-செக் சைக்கிளைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய வண்டி எங்காவது விலைக்கு வருமா என்று விசாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாரநாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர்., லீவு கிடைத்தால் ஏலகிரி என்று ஒரே வண்டியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது அவ்வளவு பொருத்தம். 4130 குரோமோலி ஸ்டீல் ஃபிரேம், 42 மி.மீ. அகல டயருக்கும் இடம் உண்டு. மட்கார்டு, கேரியர் மாட்டத் துளைகள் உண்டு. பின் ஹப்புக்கான இடைவெளியை 132.5 மி.மீ. என்று வைத்திருப்பதால் 130 மி.மீ. ரோடு ஹப்பும் பொருந்தும், 135 மி.மீ. மலை சைக்கிள் ஹப்பும் பொருந்தும்.

நண்பர்கள் இருவரிடம் 54, 56 என இரண்டு அளவுகளிலும் இந்த வண்டி இருந்ததால், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, டாப் ட்யூபின் இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கச் சொல்லி, கவட்டைக்குக் கீழ் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது. சுவரோரம் நின்று ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டையில் அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.67-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு கிட்டத்தட்ட வந்துவிடும், 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பாட்டம் பிராக்கெட்) சீட் உயரம். என் அளவு 82 செ.மீ., விடை 55. அதாவது இரண்டு வண்டிக்கும் நடுவில்.

இப்படி நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சீட்டை ஏற்றி இறக்குவது எளிது. ஹேண்டில்பாரின் தூரத்தை, அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றி ஓரிரு செ.மீ. குறைக்கலாம், அவ்வளவுதான். அதற்காகச் சீட்டை முன்னுக்குத் தள்ளினால் முழங்கால் வலிக்கும். கிராஸ்-செக்கின் டாப் ட்யூப் இயல்பிலேயே நீளம். 56-இல் பிரேக் லீவர் மேல் கைவைத்தால் என் முழங்கை மடங்கவில்லை. மாமல்லபுரம் போவதற்குள் தோள்பட்டை இறுகியது. 54-இல் முழங்கை தளர்ந்தது, மூச்சும் சீரானது. ஆனால் அதில் ஹெட் ட்யூப் குட்டை. ஸ்டெம்முக்குக் கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களை எடுக்காமல், மேல்நோக்கிய 90 மி.மீ. ஸ்டெம் போட்ட பிறகுதான் ஹேண்டில்பார் சீட் உயரத்தை எட்டியது. இதே வண்டிக்கு நேரான ஹேண்டில்பார் மாட்டுவதாக இருந்தால் 56-ஐத்தான் எடுப்பேன். அப்போது முன்னால் நீளும் வளைவு இல்லாததால், பிடி நம் பக்கம் வந்துவிடும்.

குள்ளமானவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சின்ன ஃபிரேமில் 700 சி சக்கரமும் மட்கார்டும் இருந்தால், மெதுவாக யு-டர்ன் எடுக்கும்போது ஷூ முனை மட்கார்டில் உரசும். வாங்குவதற்கு முன் பெடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது ஷிஃப்டர். இரண்டு வண்டியிலும் இருந்தது ஷிமானோவின் 9 ஸ்பீடு பார்-எண்ட். வளைந்த ஹேண்டில்பாரின் இரு நுனிகளிலும் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். வலது லீவரைக் கீழே அழுத்தினால் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரிந்தது. வளைவு திரும்பியதும் ஏற்றம் திடீரென நிமிரும்போது, மூன்று கியரை ஒரே அழுத்தில் மாற்றலாம். லீவர் நிற்கும் கோணத்தைத் தொட்டுப் பார்த்தே எந்தக் கியர் என்று இருட்டிலும் சொல்லிவிடலாம்.

லீவரின் பக்கவாட்டில் ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் ‘டிக் டிக்’ நின்று, லீவர் வழுக்கிக்கொண்டு நகரும். பஸ் கூரையில் ஏற்றி இறக்கும்போது செயினைப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் கொக்கி லேசாக வளைந்தாலே க்ளிக் கணக்கு தப்பிவிடும். வளையத்தைத் திருப்பி, செயின் சத்தத்தைக் கேட்டுச் சரிசெய்துகொண்டே வீடு சேரலாம். பிரேக் லீவருக்குள்ளேயே கியர் இருக்கும் எஸ்.டி.ஐ.யில் அதற்கு வழியில்லை. உள்ளே நுண்ணிய பாகங்கள். பழுதானால் பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

ஆனால் அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு நான் விரும்புவது எஸ்.டி.ஐ.யைத்தான். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, கீழே பள்ளம் என்னும்போது பார்-எண்ட்டைத் தொட ஒரு கையைப் பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அரை நொடி எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் ஓட்டம் முக்கால்வாசி ஊருக்குள் என்றால், கூடுதல் காசு போனாலும் எஸ்.டி.ஐ. வாங்குங்கள். சுமை ஏற்றி ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு பார்-எண்ட்.

எதை எடுத்தாலும், ஷிமானோ 9 ஸ்பீடு ரோடு ஷிஃப்டரோடு 9 ஸ்பீடு மலை சைக்கிள் டிரெய்லியர் வேலை செய்யும். 34 பல் வரை போட்டு மலையேறலாம். 10 ஸ்பீடு மலை சைக்கிள் டிரெய்லியரில் கேபிள் இழுப்புக் கணக்கை மாற்றிவிட்டார்கள், ரோடு ஷிஃப்டரோடு சேராது. விலை மலிவாகக் கிடைக்கிறதென்று கலந்து வாங்கிவிடாதீர்கள்.

புது ஃபிரேம் எடுப்பவர்கள் ஃபோர்க் குழாயை உடனே அறுக்க விடாதீர்கள். ஒரு மாதமாவது ஓட்டி, ஹேண்டில்பார் உயரம் உடம்புக்குப் பிடித்த பிறகு அறுக்கச் சொல்லுங்கள்.